குத்தகைப் பத்திரத்தில் பழைய மின்வாரியத்தின் பெயர்: திருத்த வேண்டுமா?

கேள்வி (காட்பாடி):
அப்பாவின் மாவு மில்லை 2008இல் இருபது ஆண்டுக் குத்தகைக்கு விட்டோம். பத்திரத்தில் ஏழு இடங்களில் 'தமிழ்நாடு மின்சார வாரியம்' வருகிறது. 2010இல் வாரியம் பிரிந்து விநியோகம் டான்ஜெட்கோவுக்குப் போனது; 2024இல் அதுவும் பிரிந்தது. "இல்லாத வாரியத்துக்கு நான் ஏன் மின்கட்டணம் கட்ட வேண்டும்?" என்கிறார் குத்தகைதாரர். போதாக்குறைக்கு, பத்திரம் எழுதியவர், நீக்கப்பட்டுவிட்ட 1910ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தை வேறு மேற்கோள் காட்டியிருக்கிறார்!

பதில் 1 (சத்துவாச்சாரி):
தம்பி, முப்பது ஆண்டுகள் பத்திரம் எழுதியவன் நான். 2003 மின்சாரச் சட்டத்தின் 131ஆம் பிரிவின்படிதான் வாரியத்தின் சொத்தும் பொறுப்பும் புதிய நிறுவனங்களுக்குக் கைமாறின. இன்னும் என் மேசைக்கு 'வட ஆற்காடு மாவட்டம்' என்று எழுதிய பத்திரங்கள் வருகின்றன. மாவட்டம் 1989இல் பிரிந்தது, நிலமா ஓடிவிட்டது? ஏழு இடத்திலும் பெயரை மாற்றாதீர்கள், நாளைக்கே அதுவும் மாறும். 'அல்லது அதன் வாரிசு அமைப்பு' என்று ஒரு துணை ஒப்பந்தம் போதும்.

பதில் 2 (குடியாத்தம்):
1910 சட்டம் பற்றி: 1897ஆம் ஆண்டின் ஜெனரல் கிளாசஸ் சட்டம் (மற்ற சட்டங்களுக்கு எப்படிப் பொருள் கொள்வது என்று சொல்வது), 8ஆம் பிரிவைப் பாருங்கள். நீக்கப்பட்ட பிரிவு புதிய சட்டத்தில் மீண்டும் இயற்றப்பட்டிருந்தால், பத்திரத்திலுள்ள குறிப்பும் அந்தப் புதிய பிரிவையே குறிக்கும். வேறு நோக்கம் தெரியாத வரை.

கேட்டவர்:
நன்றி ஐயா. குத்தகைதாரரிடம் காட்டினேன், கட்டுகிறாராம். மீட்டர் அட்டையில் யார் பெயர் என்று இப்போது கேட்கிறார்.