புதுப்பிப்பு: கம்பி வலை போயே போச்சு

தென்னாப்பிரிக்காவின் லிம்போபோவில் தன்னார்வலராக இருக்கிறேன். மீட்கப்பட்ட வெர்வெட் குரங்குகளைப் படமெடுத்தால் கம்பி வலைதான் தெரிகிறது, முகம் கரிக்கட்டையாக விழுகிறது என்று போன வாரம் புலம்பியிருந்தேன்.

நீங்கள் சொன்னபடி அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் ஒளித் துளையை, எஃப் 2.8க்கு அகலத் திறந்து, குரங்கு வலையை விட்டுத் தள்ளி உட்காரும்வரை காத்திருந்தேன். வலை காணோம்! எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் ஏற்றி, ஒளியை இரட்டிப்பாக்கியதும் கறுத்த முகத்தில் கண் தெளிந்தது. நெற்றியின் வெள்ளைப் பட்டை கொஞ்சம் வெளிறுகிறது, போகட்டும்.

அப்புறம்தான் வேறு வம்பு. ஒரு பெண் குரங்கு புருவத்தைத் தூக்கி, வெளிறிய இமைகளைக் காட்டியது. அது மிரட்டும் சைகையாம். முறைத்துப் பார்ப்பது அவற்றுக்குச் சண்டைக்கு அழைப்பு. லென்ஸோ பெரிய கண். கேமராவை இறக்கி வேறு பக்கம் பார்த்தேன். அது தன் வளர்ப்புக் குட்டிக்குப் பேன் பார்க்கப் போய்விட்டது. அந்தப் படம்தான் கிடைக்கவில்லை.