டொர்னாடோ (சுழல்காத்து) சைரன் கேட்டப்ப நீங்க என்ன பண்ணீங்க? ஆன்சைட்டுக்குன்னு கம்பெனி வேலையா அமெரிக்கா போய் வந்தவங்க சொல்லுங்க

மாரத்தஹள்ளி மாப்ள
நேத்து எங்க அபார்ட்மென்ட்ல ஃபயர் அலாரம் அடிச்சுச்சு. பதினாலு மாடி, ஒருத்தர் கூட இறங்கல. செக்யூரிட்டி அண்ணன் இன்டர்காம்ல "டெஸ்டிங் சார்"னு சொல்லிட்டாரு, அவ்ளோதான். எங்கம்மா மட்டும் நேரா பாத்ரூம்ல போய் கதவ சாத்திட்டாங்க. அதுக்குக் காரணம் நான்தான், அதான் எழுதுறேன்.

2019 அக்டோபர் 20. டாலஸ்ல டொர்னாடோ அடிச்ச நாள், அங்க இருந்தவங்களுக்கு தேதி சொன்னாலே போதும். ஞாயித்துக்கிழம ராத்திரி 9 மணி, டாலஸ் பக்கத்துல ரிச்சர்ட்சன்ல ரெண்டாவது மாடி, அம்மா விசிட்டர் விசால வந்து மூணு வாரம் ஆகுது. வீட்ல இருக்கிற போன் எல்லாம் ஒண்ணா கத்துது, வெளிய சைரன் நீட்டி ஊதுது, நான் என்ன பண்ணேன்னா பால்கனிக்குப் போனேன். வேடிக்கை பாக்க. எதிர் பிளாக்லயும் நாலஞ்சு பேரு போனத் தூக்கிப் புடிச்சு வீடியோ எடுத்துட்டு நிக்கிறாங்க, பாதி நம்மாளுங்க, ஒருத்தர் வேட்டியோட. சரி எல்லாரும் நிக்கிறாங்களேன்னு நானும் நின்னேன்.

அப்புறம் கரண்ட் போச்சு. காது ரெண்டும் அடைச்சுச்சு, அப்பதான் பயம் வந்துச்சு. உள்ள ஓடி வந்தா அம்மா இருட்டுல அடுப்புகிட்ட நின்னு எதையோ தடவிட்டிருக்காங்க. சாம்பார் கொதிச்சிட்டிருந்துச்சு. "சாம்பாரா இப்ப முக்கியம், சாகணுமா"ன்னு கத்தி, கையப் புடிச்சு இழுத்துட்டுப் போய் பாத்டப்ல உக்கார வெச்சேன். ஏதோ சொல்ல வந்தாங்க, "வாய மூடும்மா"ன்னுட்டேன். அதுக்கு முன்னாடி அவங்கள அப்படி பேசினதே இல்ல. முந்தானைய தலையில போட்டுட்டு, முழங்கால கட்டிட்டு, ஒரு வார்த்த பேசாம இருந்தாங்க. டொர்னாடோ எங்களத் தொடல, தள்ளிப் போயிடுச்சு. ஆனா எந்த அலாரம் கேட்டாலும் அவங்க பாத்ரூம்தான் இப்ப.

சனிக்கிழம பிரியாணி
ஓக்லஹோமா சிட்டி, மூணு வருஷம். அங்க வாராவாரம் சனிக்கிழம பகல் 12க்கு டெஸ்ட் சைரன் ஊதுவான். ஊர்ல மில்லு சங்கு மாதிரி. எங்க ரூம்ல சங்கு ஊதினா பிரியாணிக்கு அரிசி ஊறப்போடணும்னு கணக்கு. ஒரு சனிக்கிழம 12 ஆச்சு, 12:10 ஆச்சு, ஊதவே இல்ல. வானம் ஒரு மாதிரி மஞ்சளா, காத்தே இல்ல. "சைரன் ரிப்பேர் போல"ன்னு சிரிச்சுட்டு நாங்க பாட்டுக்கு வாக்கிங் கெளம்பிட்டோம். கீழ் வீட்டுத் தாத்தா வராண்டாவுல நின்னு எங்கள பைத்தியத்த பாக்கிற மாதிரி பாத்தாரு. வானிலை மோசமா ஆகலாம்னா டெஸ்ட் பண்ண மாட்டாங்களாம், ஜனங்க நிஜ சைரன்னு குழப்பிக்குவாங்கன்னு. ஊதாததே எச்சரிக்கைன்னு நமக்கு யாரு சொன்னா? அன்னிக்கு ஆலங்கட்டியோட முடிஞ்சுது, கார் கண்ணாடி போச்சு. அந்தத் தாத்தா முகம்தான் இன்னும் கண்ணுல நிக்குது.

சர்ஜாபூர் சாமி
நான் கேன்சஸ்ல ஒரு தடவ கேட்டேன், பேஸ்மென்ட் போனேன், வந்தேன். முடிஞ்சுது.

மாப்ள, கோச்சுக்காதீங்க, பால்கனிக்குப் போனீங்க பாருங்க, அது மன்னிக்கவே முடியாத தப்பு. முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கோங்க, அந்த சைரனே வெளிய இருக்கிறவனுக்காக வெச்சது, 'உள்ள போய் என்னன்னு பாரு'ன்னு சொல்றதுக்கு. வீட்டுக்குள்ள கேக்கும்னு நம்பி இருக்கக் கூடாது, போன்ல அலர்ட் ஆன்ல இருக்கணும், முடிஞ்சா வெதர் ரேடியோ வாங்கி வைங்க. ரெண்டாவது, வாட்ச் வேற வார்னிங் வேற. வாட்ச்னா வர்றதுக்கு வாய்ப்பிருக்கு, வார்னிங்னா ரேடார்ல தெரிஞ்சுடுச்சு இல்ல யாராவது கண்ணால பாத்துட்டாங்க. மூணாவது, பேஸ்மென்ட் இல்லன்னா கீழ்த்தளத்துல ஜன்னல் இல்லாத உள் ரூம். நீங்க ரெண்டாவது மாடியில பாத்டப், அதுவும் அரைகுறதான். கால்ல ஷூ போடணும், ஹெல்மெட் இருந்தா மாட்டணும். ஜன்னல தொறந்து வெச்சா பிரஷர் சமமாகும்னு நம்மாளுங்க வாட்ஸ்அப்ல அனுப்புவாங்க, பொய். ஹைவேல பாலத்துக்கு அடியில ஒளியறது அதவிட மோசம், அங்க காத்து இன்னும் வேகமா அடிக்கும். மிசோரி மாநிலத்துல ஜாப்ளின்ங்கிற ஊர்ல 2011 மே 22 டொர்னாடோவுல 150 பேருக்கு மேல செத்தாங்க. சைரன் ஊதாம இல்ல, ஊதுச்சு. அதுக்கப்புறமும் நிறையப் பேரு உடனே ஒளியல, டிவி பாத்து உறுதி பண்ணிக்கலாம்னு இருந்திருக்காங்க. இதையெல்லாம் விசிட்டர் விசாவுல வர்ற அம்மா அப்பாவுக்கு முதல் வாரமே சொல்லிக் குடுத்திருக்கணும்.

கே.ஆர்.புரம் கேடி
சாமி அண்ணா, கிளாஸ் முடிஞ்சுதா? 2017 ஏப்ரல் 7ன்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? டாலஸ்ல ராத்திரி 11:40க்கு ஊர்ல இருந்த 156 சைரனும் ஒண்ணா ஊதுச்சு. மழையே இல்ல. யாரோ ரேடியோ சிக்னல் விட்டு ஹேக் பண்ணிட்டான். 1:20 வரைக்கும் விட்டு விட்டு ஊதினான். என் பொண்டாட்டி அப்ப ஏழு மாசம். ஒவ்வொரு தடவையும் அவள எழுப்பி, நடத்தி, துணி வைக்கிற குளோசெட்ல சூட்கேசுக்கு நடுவுல உக்கார வெச்சு, நின்னதும் வெளிய கூட்டிட்டு வந்து, மறுபடி ஊதினதும் மறுபடி உள்ள. நாலாவது தடவ "நான் வரல, வந்தா வரட்டும்"னு திரும்பிப் படுத்துட்டா.

அப்புறம் மாப்ள சொல்ற அதே 2019 ராத்திரி. சைரன் கேட்டுச்சு. நான் எழுந்திருக்கல. குழந்தைய மேல போட்டுட்டு மேட்ச் பாத்துட்டிருந்தேன், "ஹேக்கரு வந்துட்டான்டி"ன்னு ஜோக் வேற. மறுநாள் ஆபீஸ் போற வழியில ஒரு பெரிய கடை அப்படியே பிச்சுப் போட்ட மாதிரி கிடந்துச்சு. வாட்ச், வார்னிங் எல்லாம் எனக்கும் தெரியும் அண்ணா, தெரிஞ்சுதான் படுத்துக் கிடந்தேன்.

சர்ஜாபூர் சாமி
தெரிஞ்சும் பண்ணலன்னா அது உங்க தப்பு, என் தப்பில்ல.

அல்சூர் அஞ்சாவது கிராஸ்
நான் அமெரிக்காவே போனதில்ல, ஆனா பாட்டி கத சொல்லணும். தாத்தா பின்னி மில்லுல வேல. 2025 மே 7, நாடு பூரா மாக் டிரில் வெச்சாங்களே, அன்னிக்கு டிவியில சைரன் ஊதிக் காட்டினாங்க. நாங்க எல்லாரும் போர் வருமான்னு பாத்துட்டிருக்கோம், பாட்டி எழுந்து போய் தாத்தா தட்டக் கழுவி வெச்சுது. தாத்தா போய் இருவது வருஷம் ஆச்சு.

ஹூடி அக்கா
எல்லாரும் சண்ட போடுறீங்க, ஒருத்தரும் மாப்ள எழுதினத சரியாப் படிக்கல. தம்பி, அந்த அபார்ட்மென்ட்ல காயில் அடுப்புதானே? கரண்ட் அடுப்பு? சுவிட்ச திருகி அணைக்கலன்னா கரண்ட் திரும்பி வந்ததும் அது பாட்டுக்கு எரிய ஆரம்பிச்சுடும். நான் அட்லான்டாவுல ஒரு குக்கரயே கருக்கியிருக்கேன். அம்மா இருட்டுல தடவினது சாம்பாரையா, சுவிட்சையா?

மாரத்தஹள்ளி மாப்ள
அக்கா, இத இத்தன வருஷத்துல நான் யோசிக்கவே இல்ல. அன்னிக்கு ராத்திரி கரண்ட் எப்ப வந்துச்சுன்னு ஞாபகமில்ல, ஆனா வந்தப்ப அடுப்பு எரியலங்கிறது ஞாபகம் இருக்கு.

இப்பதான் அம்மாகிட்ட போய் கேட்டேன். "ஆமா, அணைச்சுட்டேன்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன்"னாங்க. சொல்லிட்டு, ரசத்துக்கு புளி ஊறப்போட்டியான்னு கேட்டாங்க.