வீணைக்கு பிளக்-இன் ஹோஸ்ட்டில் கிளை பிரித்த எஃபெக்ட் சங்கிலி: ஆலோசனை தேவை

சாரணி_காரைக்குடி:

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடியில் வீணை கற்றுக்கொடுக்கிறேன். அடுத்த மாதம் கானாடுகாத்தானில் ஒரு வளவு வீட்டில் நடக்கும் அறுபதாம் கல்யாணத்தில் ஒன்றரை மணி நேரம் வாசிக்க இருக்கிறேன்.

குடத்தின் மேற்பலகையில் ஒட்டிய கான்டாக்ட் மைக்கிலிருந்து ஒலி, ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாக விண்டோஸ் லேப்டாப்புக்கு வருகிறது. அங்கே ஹோஸ்ட் மென்பொருளில் (ஒலியை மாற்றும் பிளக்-இன்களை ஏற்றி ஓட்டும் மென்பொருள்) ஈக்யூ (அதிர்வெண்களைக் கூட்டிக் குறைப்பது), கம்ப்ரஸர் (ஒலி அளவின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்வது), ரிவெர்ப் (கூடத்தின் எதிரொலி போலச் சேர்ப்பது) மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வரிசையில் வைத்திருக்கிறேன். இதில் எனக்கு இரண்டு குறைகள் உள்ளன. ராக ஆலாபனைக்கு வேண்டிய அளவு ரிவெர்ப்பைக் கூட்டினால் மீட்டின் கூர்மை மழுங்கி, தாளத் தந்திகளின் ஓசை எங்கும் சிதறுகிறது. ஆலாபனைக்குப் பின் லயத்தோடு வாசிக்கும் தானம் தொடங்கும்போது ரிவெர்ப்பைக் குறைப்பதற்காக வேறொரு பிரீசெட்டுக்கு (சேமித்து வைத்த அமைப்புக்கு) மாறினால், ஹோஸ்ட் எல்லாவற்றையும் புதிதாக ஏற்றிக்கொள்ளும்வரை ஒலியே நின்றுவிடுகிறது. போன தை மாதம் ஒரு கச்சேரியில் இப்படி ஏறத்தாழ மூன்று விநாடி வீணை ஊமையானது. மிருதங்கக்காரர் என் முகத்தைப் பார்த்ததை இன்னும் மறக்க முடியவில்லை.

ஒரே வரிசையாக இல்லாமல் கிளை பிரித்து அமைத்தால் இவை தீருமா? என் சுருதி மூன்று கட்டை.

தேவகோட்டை_கிராஃப்:

வணக்கம் அம்மா. நிச்சயமாகத் தீரும், நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளுக்கும் ஒற்றை வரிசைதான் காரணம். கார்லா என்ற இலவச ஹோஸ்ட்டில் ரேக், பேட்ச்பே என்று இரண்டு முறைகள் உண்டு. ரேக்கில் பிளக்-இன்கள் அடுக்காக மட்டுமே நிற்கும். பேட்ச்பேயில் எந்த வெளியீட்டையும் எந்த உள்ளீட்டோடும் நீங்களே கம்பி இழுத்து இணைக்கலாம். எலிமென்ட் என்ற ஹோஸ்ட்டும் இதே வகையைச் சேர்ந்தது. விலைக்கு வாங்குவதானால் புளூ கேட் நிறுவனத்தின் பேட்ச்வொர்க்கில் எட்டு இணைக் கிளைகள் வரை கிடைக்கும்.

அமைப்பைச் சொல்கிறேன். ஈக்யூவும் கம்ப்ரஸரும் பொதுத் தண்டாக இருக்கட்டும். அதன்பின் ஒரு கிளை எந்த மாற்றமும் இன்றி நேராக வெளியே போக வேண்டும். மற்ற இரண்டு கிளைகளில் ஆலாபனைக்கு ஒரு நீண்ட ரிவெர்ப்பையும் தானத்துக்கு ஒரு குறுகிய ரிவெர்ப்பையும் வைத்து, இரண்டையும் நூறு விழுக்காடு வெட் நிலையில் (மூல ஒலி கலக்காமல் ரிவெர்ப் மட்டும்) விடுங்கள். மீட்டின் கூர்மை நேர்க்கிளையில் பத்திரமாக இருக்கும். ரிவெர்ப்புக்குப் போகும் ஒலியில் மட்டும் 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் குறைத்தால் தாளத் தந்திகளின் சிதறல் அடங்கிவிடும்.

மாறும்போது பிரீசெட்டைத் தொடவே வேண்டாம். இரண்டு ரிவெர்ப்பும் தொடக்கம் முதல் ஓடிக்கொண்டே இருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் உள்ளே அனுப்பும் அளவை மட்டும் ஒரு மிடி குமிழால் (மென்பொருளைக் கட்டுப்படுத்தக் கணினியில் இணைக்கும் திருகு) ஏற்றி இறக்குங்கள். வெளியீட்டைக் குறைத்தால் கார்வையின் வால் வெட்டுப்படும். உள்ளே அனுப்புவதை நிறுத்தினால், ஆலாபனையின் கடைசி ஸ்வரம் தானாகக் கரைந்து முடியும் வேளையில் தானம் தெளிவாகத் தொடங்கும். சம்மணமிட்டு வாசிக்கும் உங்களுக்குக் கால் பெடல் உதவாது என்பதால், பின்னால் அமரும் மாணவியிடம் அந்தக் குமிழை ஒப்படைக்கலாம்.

ஈக்யூவில் ஓர் எச்சரிக்கை: குரலுக்குச் செய்வது போல 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடாதீர்கள். மூன்று கட்டையில் உங்கள் முதல் தந்தியான சாரணி ஏறத்தாழ 165 ஹெர்ட்ஸ் என்றால், மிகத் தாழ்ந்த தந்தியான அனுமந்தரம் 62 ஹெர்ட்ஸில் நிற்கிறது. 45 ஹெர்ட்ஸில் வெட்டினாலே இரைச்சல் போய்விடும். கம்ப்ரஸரின் அட்டாக் 20 அல்லது 30 மில்லிவிநாடி இருந்தால் மீட்டு அடிபடாமல் தப்பிக்கும், அதன் பின்வரும் கமகம் மட்டும் தூக்கிக் காட்டப்படும்.

பள்ளத்தூர்_மைக்செட்:

டீச்சருக்கு வணக்கம். தம்பி சொன்ன அமைப்பு சரியானதே. ஆனால் அந்த நீண்ட ரிவெர்ப் எவ்வளவு நீளம் என்பதை வீடுதான் முடிவு செய்யும். நம் பகுதி வீடுகளில் வேலை செய்த பழக்கத்தில் இதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

கீழே ஆத்தங்குடிக் கல், சுவரில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய சுண்ணாம்புப் பூச்சு, நடுவே பர்மாத் தேக்குத் தூண்கள்: இவற்றில் ஒலியை உறிஞ்சும் பொருள் என்று எதுவுமே இல்லை. 15 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரம் உள்ள ஒரு கூடத்தைக் கதவு சன்னல் அடைத்து வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். கன அளவு 600, பரப்பு 470 சதுர மீட்டர். அந்தப் பரப்பு மூன்று விழுக்காடு ஒலியை மட்டும் உறிஞ்சுவதாகக் கொண்டால், சபைனின் சூத்திரப்படி எதிரொலி அடங்க ஏறத்தாழ 7 விநாடி ஆகும். அதே கூடத்தில் நூறு பேர் வந்து உட்கார்ந்து, ஆளுக்கு அரை சதுர மீட்டர் அளவு உறிஞ்சினால் அது ஒன்றரை விநாடிக்கு இறங்கிவிடும். காலையில் ஆளில்லாத வீட்டில் ரிவெர்ப்பைச் சரிபார்த்தவர்கள், மாலையில் வீணை வறண்டு ஒலிப்பதாகக் குழம்புவது இதனால்தான். வளவில், அதாவது திறந்த நடு முற்றத்தில், வாசிப்பதாக இருந்தால் கதை வேறு: திறந்த வானத்துக்குப் போன ஒலி திரும்பி வராது, ஆகவே அங்கே உங்கள் ரிவெர்ப்புக்கு உண்மையிலேயே வேலை இருக்கும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். நேர் ஒலியை லேப்டாப்புக்குள் விடாமல் மிக்ஸருக்கே கொடுத்துவிட்டு, லேப்டாப்பிலிருந்து ரிவெர்ப்பை மட்டும் திரும்ப வாங்கினால், கணினி நின்றாலும் வீணை நிற்காது.

தேவகோட்டை_கிராஃப்:

அண்ணன் சொல்லும் வழி பாதுகாப்பானது. தாமதச் சிக்கலையும் அது தவிர்க்கிறது. 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் (கணினி ஒரு தடவைக்கு எடுத்துக் கையாளும் ஒலித்துண்டு) வைத்தால் உள்ளே வர, வெளியே போக இரண்டுமாகச் சேர்த்து 5.3 மில்லிவிநாடியும் இன்டர்ஃபேஸின் சொந்தத் தாமதமும் ஆகும். இரண்டு மீட்டர் தள்ளி வைத்த ஸ்பீக்கரைக் கேட்பது போன்றதுதான் இது. வாசிப்பவருக்கு இடைஞ்சல் இராது. ரிவெர்ப் கிளை சிறிது தாமதித்தாலும் கெடுதல் இல்லை. ஆனால் நேர் ஒலியைச் சுமக்கும் இரண்டு கிளைகளில் ஒன்று 1 மில்லிவிநாடி பின்தங்கினால்கூட, இரண்டும் கலக்கும்போது 500, 1500, 2500 ஹெர்ட்ஸில் பள்ளம் விழுந்து வீணை தகரக் குழாய்க்குள் ஒலிப்பது போலாகிவிடும்.

உங்கள் ஹோஸ்ட் கிளைகளுக்கு இடையிலான இந்தத் தாமதத்தை ஈடுசெய்கிறதா என்பதை நீங்களே சோதிக்கலாம். லீனியர் ஃபேஸ் ஈக்யூ (ஒலியைத் தாமதப்படுத்தும் ஈக்யூ வகை) ஒன்றை எதையும் ஏற்றி இறக்காமல் ஒரு கிளையில் வையுங்கள். இன்னொரு கிளையைக் காலியாக விட்டு அதன் போலாரிட்டியைத் திருப்புங்கள் (ஒலி அலையைத் தலைகீழாக்குங்கள்). ஒலி முழுவதும் மறைந்தால் ஹோஸ்ட் ஈடுசெய்கிறது என்று பொருள்.

சாரணி_காரைக்குடி:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு தம்புராப் பதிவு ஒன்றை ஓடவிட்டு அந்தச் சோதனையைச் செய்தேன். ஒலி மறையவில்லை, என் ஹோஸ்ட் ஈடுசெய்யவில்லை என்று புரிந்தது. அதனால் நேர் ஒலிக்கு ஒரே கிளைதான் என்று முடிவு செய்துவிட்டேன். இரண்டு ரிவெர்ப்பும் மிடி குமிழும் மிக நன்றாக வேலை செய்கின்றன. குமிழைத் திருப்பும் மாணவி, தானம் தொடங்கும் இடத்தை நான் தலையசைக்கும் முன்பே பிடித்துவிடுகிறாள்.

மிக்ஸர் வழியை விரும்பினாலும் ஒரு தடை உள்ளது. குடம் ஒரு குறிப்பிட்ட ஸ்வரத்தில் ஊளையிடுகிறது. அதை மட்டும் குறுகலாக வெட்டும் வசதி அந்த மிக்ஸரில் இல்லை.

பள்ளத்தூர்_மைக்செட்:

அப்படியானால் நேர் ஒலியும் லேப்டாப் வழியாகவே போகட்டும், டீச்சர். மைக்கை முதலில் ஒரு டிஐ பாக்ஸில் (மைக்கின் ஒலியை மிக்ஸருக்கு ஏற்றதாக மாற்றித் தரும் சிறு பெட்டி) செருகி, அதன் த்ரூ வெளியீட்டை (வந்த ஒலியை அப்படியே தருவது) இன்டர்ஃபேஸுக்கும், மற்ற வெளியீட்டை மிக்ஸரில் தனி சேனலுக்கும் கொடுங்கள். அந்தச் சேனல் கச்சேரி முழுக்க மியூட்டில் இருக்க வேண்டும். சிறிதளவு திறந்திருந்தாலும் தம்பி சொன்ன பள்ளம் அங்கேயும் விழும். லேப்டாப் நின்றால் மியூட்டை எடுக்க ஒரு விநாடி போதும். முதல் நாள் மாலையே வயர் இழுத்துவிடலாம், சாவியை மட்டும் வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.