இரண்டு இன்ஜெக்டர், எட்டு சிலிண்டர்: டிபிஐ கணக்கு

கேள்வி:
1987–95 செவர்லே பிக்கப்பின் 5.7 லிட்டர் வி8-இல் த்ராட்டில் பாடியின் (காற்று நுழையும் வாய்) தலையில் இரண்டே இன்ஜெக்டர், இதுதான் டிபிஐ (த்ராட்டில் பாடி இன்ஜெக்ஷன்). ஏர்ஃப்ளோ மீட்டரும் கிடையாது. எவ்வளவு பெட்ரோல் விடுவதென்று ஈசிஎம்முக்கு (எஞ்சினின் கணினி) எப்படித் தெரியும்? சூடான பிறகு ஐடிலில் கரும்புகை வந்தால் முதலில் எதைப் பார்ப்பது?

பதில் 1:
காற்றை அது அளப்பதில்லை, கணக்குப் போடுகிறது. மேனிஃபோல்டு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் குழாய்) அழுத்தத்தை மேப் சென்சார் சொல்லும், ஆர்பிஎம் டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து வரும். அதில் கிடைக்கும் அளவைக் கூலன்ட், த்ராட்டில், ஆக்சிஜன் சென்சார்கள் திருத்தும். பெட்ரோல் பிரஷர் 9–13 பிஎஸ்ஐ-தான், அதை மாறாமல் வைக்கும் ரெகுலேட்டர் பாடியிலேயே இருக்கிறது. ஆகவே பெட்ரோலைக் கூட்டிக் குறைக்க ஈசிஎம்மிடம் இருப்பது இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரம் மட்டுமே. டிஸ்ட்ரிபியூட்டர் பல்ஸுக்கு ஒன்றாக இரண்டும் மாறி மாறித் திறக்கும். எந்த சிலிண்டருக்கு எவ்வளவு என்ற பங்கீடு இதில் இல்லை. அந்த வகையில் கார்புரேட்டரேதான்! மேனிஃபோல்டு சுவர் குளிர்ந்திருந்தால் பெட்ரோல் அதில் ஒட்டிக்கொள்ளும், அதை ஈடுகட்டக் கூடுதலாக விட வேண்டும்.

பதில் 2:
கரும்புகைக்கு முதல் சந்தேகம் மேப் சென்சாரின் வேக்கம் குழாய். அது வெடித்தாலோ கழன்றாலோ சென்சார் வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்டும். முழு லோடில் ஓடுவதாக நினைத்து ஈசிஎம் பெட்ரோலைக் கொட்டும். சாவி மட்டும் போட்டால் சென்சாரில் சுமார் 4.5 வோல்ட்டுக்கு மேல், ஐடிலில் 1–1.5 வோல்ட் வர வேண்டும் (கடல் மட்டத்தை ஒட்டிய ஊர்களில்). ஐடிலிலும் 4-ஐத் தாண்டி நின்றால் குழாயைப் பாருங்கள். அடுத்தது கூலன்ட் சென்சார்: 20 டிகிரியில் ஏறக்குறைய 3,500 ஓம், 100 டிகிரியில் 180 ஓம். சூட்டிலும் ஆயிரக்கணக்கில் நின்றால் எஞ்சின் குளிர்ந்தே இருப்பதாக ஈசிஎம் நம்பும்.

பதில் 3:
மல்டிமீட்டர் எடுக்கும் முன் ஏர்க்ளீனரைக் கழற்றிக் கண்ணால் பாருங்கள், டிபிஐ-யின் பெரிய வசதியே அதுதான். சாவி போட்டதும் பம்ப் 2 வினாடி ஓடி நிற்கும். அப்போது இன்ஜெக்டர் முனையில் சொட்டக் கூடாது. சொட்டினால் ஓ-ரிங் அல்லது இன்ஜெக்டர். ஐடிலில் டைமிங் லைட் (எஞ்சினோடு சேர்ந்து மின்னும் விளக்கு) அடித்தால் ஸ்ப்ரே சீரான கூம்பாகத் தெரிய வேண்டும். மிச்ச பெட்ரோல் டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் லைன் நசுங்கியிருந்தாலும் பிரஷர் ஏறிப் புகைக்கும். பிரஷரை அளக்க வால்வு கிடையாது, பெட்ரோல் லைனில் டி வடிவ இணைப்பு போட்டுத்தான் கேஜ் மாட்ட வேண்டும்.

பதில் 4:
ஏஎல்டிஎல் கனெக்டரில் (பழுது கண்டறியும் இணைப்பு) ஏ, பி முனைகள் இரண்டையும் வயரால் இணைத்து, எஞ்சினை ஓட்டாமல் சாவி போட்டால் செக் எஞ்சின் விளக்கு மினுக்கும். முதலில் 12 என்ற எண் மூன்று முறை, பிறகு பழுதைக் குறிக்கும் எண்கள். 33 வந்தால் மேப் பக்கம். 45 என்றால் ரிச், அதாவது பெட்ரோல் அதிகம். அதைப் பார்த்ததும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றி விடாதீர்கள், பெரும்பாலும் அது உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கும்.