'பிளாக் டைம்': நிலையிடை நேரம் என்று சொல்லலாமா?

நண்பர்களுக்கு வணக்கம். விமானப் பயணத்தின் தூரத்துக்கும், 'பிளாக் டைம்' எனப்படும் நேரத்துக்கும் தமிழ்ச் சொல் தேடி நம் குழுவில் நடக்கும் பேச்சுக்கு என் பதில் இது. தூரத்துக்கு 'நேர்கோட்டுத் தூரம்' என்றும், நேரத்துக்கு 'பாள நேரம்', 'மொத்தப் பயண நேரம்', 'கட்டையிடை நேரம்' என்றும் சொற்கள் வந்திருக்கின்றன.

தூரத்துக்கான சொல்லை முதலில் முடித்துவிடுவோம். 'நேர்கோட்டுத் தூரம்' வேண்டாம். உருண்டையின் மேல் நேர்கோடு கிடையாது. உலக உருண்டையில் இரண்டு ஊர்களுக்கு நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் கிடைப்பது பெருவட்டத்தின், அதாவது உருண்டையைச் சரிபாதியாகப் பிரிக்கும் வட்டத்தின், ஒரு துண்டு. அதனால் 'பெருவட்டத் தொலைவு' என்பதே சரி. விமானம் உண்மையில் கடந்தது 'பறந்த தொலைவு'. இரண்டும் வேறு. டெல்லிக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் பெருவட்டத் தொலைவு சுமார் 12,400 கி.மீ. 2016 அக்டோபரில் ஏர் இந்தியா அட்லாண்டிக் வழியை விட்டுப் பசிபிக் வழியே பறந்தபோது பறந்த தொலைவு சுமார் 15,300 கி.மீ. பழைய வழியைவிட இது நீளம். ஆனால் மேற்கிலிருந்து வீசும் மேலைக்காற்று பின்னாலிருந்து தள்ளியதால் பதினான்கரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டது, முன்பைவிடச் சீக்கிரம்.

இனி நேரம். சிக்கல் இங்கேதான்.

சென்னையிலிருந்து சிங்கப்பூர் சுமார் 2,900 கி.மீ. மணிக்கு 900 கி.மீ. என்று வகுத்தால் மூன்றேகால் மணி நேரம்கூட வராது. டிக்கெட்டிலோ நான்கு மணி நேரத்துக்கு மேல் போட்டிருக்கும். மேலே ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு என்பது ஒரு காரணம். இன்னொன்று, டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரமே இல்லை. விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்ந்தது முதல், ஓடுபாதைக்கு ஊர்ந்து, பறந்து, இறங்கி, மறுபடி ஊர்ந்து அசையாமல் நிற்கும் வரை உள்ள நேரம் அது. விமானத்துறையில் 'பிளாக் டைம்' என்பார்கள். சக்கரத்துக்கு வைக்கும் கட்டைதான் அந்த 'பிளாக்'. எனவே, கட்டி என்ற பொருளில் 'பிளாக்'கைப் பாளமாக்கிய 'பாள நேரம்' பொருந்தாது. குழுவில் ஐயா ஒருவர் சொன்ன 'மொத்தப் பயண நேரம்' என்பதைப் படிப்பவர், வழியில் விமானம் மாறக் காத்திருப்பதையும் சேர்த்தே எண்ணுவார்.

தோழி ஒருவர் எழுதிய 'கட்டையிடை நேரம்' எனக்கு மிகவும் பிடித்தது. நம் லாரிக்காரர்களும் சக்கரத்துக்குக் கட்டைதான் போடுகிறார்கள். ஆனால் இன்று கணக்கு கட்டையை வைத்து இல்லை. விமானம் நகர்வதையும் நிற்பதையும் வைத்துத்தான். அதற்கு நம்மிடம் அருமையான சொல் இருக்கிறது. திருவாரூர் ஆழித்தேர் வீதிகளைச் சுற்றி முடித்ததும் என்ன சொல்கிறோம்? 'தேர் நிலைக்கு வந்தது' என்கிறோம். தேர் கிளம்பும் இடமும் நிலை, வந்து சேரும் இடமும் நிலை. விமானத்துக்கு இது அப்படியே பொருந்துகிறது.

ஆகவே என் முன்மொழிவு: விமானம் நிற்கும் இடம் நிலை, அங்கிருந்து நகர்வது நிலைபெயர்தல், வந்து நிற்பது நிலைசேர்தல், இரண்டுக்கும் இடைப்பட்டது நிலையிடை நேரம். சக்கரம் தரையை விட்டு எழும்பியது முதல் மறுபடி தரையைத் தொடும் வரை உள்ளதை மட்டும் 'பறப்பு நேரம்' என்போம். ஒரே வேரிலிருந்து குடும்பமாகச் சொற்கள் கிடைப்பதால்தான் இதை வற்புறுத்துகிறேன்.

'நிலை' என்றதும் தன்மை, நிலைமை என்று சிலர் புரிந்துகொள்ளக்கூடும். 'விமான நிலையம்' பழகிய காதுக்கு அந்தக் குழப்பம் வராது என்றே நினைக்கிறேன். வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்:

"காலை 9.40-க்கு நிலைபெயர்ந்த விமானம், 4 மணி 20 நிமிட நிலையிடை நேரத்தில் சிங்கப்பூரில் நிலைசேர்ந்தது. பறப்பு நேரம் 3 மணி 50 நிமிடம்."

வாய்விட்டுப் படித்துப் பார்த்து, எங்கே இடறுகிறது என்று சொல்லுங்கள்.