கோட்டையூர் வீட்டில் கிடைத்த சீமைப் பட்டடை: எங்கே, எந்தக் காலத்தில் செய்யப்பட்டது?

கோட்டையூர் அன்பர் கேட்பது:

அனைவருக்கும் வணக்கம். கோட்டையூரில் உள்ள எங்கள் பங்காளிகளின் பொது வீட்டில் இப்போது மராமத்து வேலை நடந்துவருகிறது. பின்கட்டில் முன்பு உலைக்கொட்டகையாக இருந்த தாழ்வாரத்தைக் காலி செய்தபோது, பெரிய பட்டடை (இரும்பை வைத்து அடிக்கும் அடைகல்) ஒன்று வெளிவந்தது. நம் பக்கத்துப் பட்டறைகளில் மரக்கட்டையில் இறக்கி, ஆசாரிகள் உட்கார்ந்தபடியே வேலை செய்யும் சிறிய சதுரப் பட்டடை அல்ல இது. ஒரு முனையில் கூம்பிய கொம்பும், மறுமுனையில் தட்டையான வாலும், ஒடுங்கிய இடுப்பும், விரிந்த பாதங்களும் கொண்டு, நின்று வேலை செய்வதற்கேற்ப அமைந்த சீமைப் பட்டடை. வாலில் ஒரு சதுரத் துளையும், அதனருகே சிறிய வட்டத் துளையும் இருக்கின்றன.

ஒவ்வோர் ஆயுத பூசைக்கும் சிவப்பு ரெட் ஆக்சைடு பூசிவந்ததால் பக்கங்களில் பெயின்ட் தடித்துப்போயிருக்கிறது. அது உதிர்ந்த ஓர் இடத்தில் 1, 1, 14 என்ற எண்கள் இடைவெளி விட்டுத் தெரிகின்றன. அவற்றுக்கு மேலே வட்டமாக ஏதோ முத்திரையும், சில ஆங்கில எழுத்துகளும் இருப்பதுபோல் தோன்றுகிறது. பார்க்க வந்த காரைக்குடிப் பழைய இரும்பு வியாபாரி ஒருவர், அது 1114 என்ற கொல்லம் ஆண்டு, அதாவது 1938-39 என்று சொல்லி, தம் தராசில் நிறுத்து 69 கிலோ என்று காட்டி, கிலோவுக்கு இவ்வளவு என்று விலையும் கூறினார். ஆனால் எங்கள் ஐயாவின் தகப்பனார் இந்த வீட்டைக் கட்டும்போதே இதை வரவழைத்து, கீல், தாழ்ப்பாள், சன்னல் கம்பி வேலைகளை இதன்மீதுதான் செய்ய வைத்தார் என்பது வீட்டில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. முகப்பில் பொறித்துள்ளபடி வீடு முடிந்தது விரோதிகிருது ஆண்டில், அதாவது 1911-12இல். இரண்டில் எது சரி? பட்டடையைப் பார்த்தே இதை முடிவு செய்ய வழி உண்டா?

தேவகோட்டைப் பழம்பொருள் ஆர்வலர் எழுதியது:

ஐயா, அந்த எண்கள் ஆண்டைக் குறிப்பவை அல்ல, அவை எடை. இங்கிலாந்தில் செய்யப்பட்ட பட்டடைகளில் எடையை அந்தர் கணக்கில் மூன்று எண்களாக வெட்டிவைப்பது வழக்கம். முதல் எண் முழு அந்தரைக் குறிக்கும். ஓர் அந்தர் 112 ராத்தல் (பவுண்டு). நடு எண் கால் அந்தர்களை, அதாவது 28 ராத்தல்களைக் குறிக்கும். கடைசி எண் மீதமுள்ள ராத்தல்கள். ஆகவே தங்கள் பட்டடையின் எடை 112, 28, 14 ஆகியவற்றின் கூட்டுத்தொகையான 154 ராத்தல். இது ஏறக்குறைய 69.8 கிலோ ஆகும். வியாபாரி தம் தராசில் கண்ட 69 கிலோவே அவருடைய கொல்லம் ஆண்டுக் கணக்கைத் தள்ளிவிடுகிறது. ஒரு கிலோவுக்குக் குறைவான அந்த வேறுபாடு, பல ஆண்டுத் தேய்மானத்தாலும் விளிம்புச் சிதைவாலும் வரக்கூடியதுதான்.

இம்முறையைச் சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. நான்கு கால் அந்தர் சேர்ந்தால் ஓர் அந்தர் ஆகிவிடுவதால் நடு எண் ஒருபோதும் 3ஐத் தாண்டாது. அதேபோல் கடைசி எண் 27ஐத் தாண்டாது. இந்த எல்லைக்குள் எண்கள் அமைந்து, தராசும் ஒத்துப்போனால், அது பிரித்தானிய முறையில் எடையிட்ட பட்டடை என்று பெரும்பாலும் உறுதியாகக் கொள்ளலாம். அமெரிக்கத் தயாரிப்புகளில் பெரும்பாலும் நேரடியாக ராத்தலிலும், ஐரோப்பாவின் மற்ற நாடுகளில் பிற்காலத்தில் கிலோவிலும் எடை குறிக்கப்பட்டிருக்கும்.

நாடு ஓரளவு தெரிந்துவிட்டது. தயாரித்தவரையும் காலத்தையும் அறிய அந்த வட்ட முத்திரையைப் படித்தாக வேண்டும். பெயின்டை நீக்கும் பொருள் வன்பொருள் கடைகளில் கிடைக்கும். அதைத் தடவி ஊறவிட்டு, மரச்சீவலால் மெதுவாகச் சுரண்டுங்கள். பிறகு இருட்டில், டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்தால், நேர் வெளிச்சத்தில் மறைந்துபோகும் தேய்ந்த எழுத்துகள்கூட நிழல் விழுந்து தெரியும். கோலமாவை ஈரமில்லாமல் தேய்த்துத் துடைத்தாலும் பள்ளங்களில் வெண்மை தங்கி எழுத்து எழும். படித்து முடிக்கும்வரை கிரைண்டர் எதையும் அருகில் கொண்டுவர வேண்டாம்.

சிங்கம்புணரி உலைக்களத்திலிருந்து:

மூன்று தலைமுறையாக இரும்பு வேலை செய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவன் என்ற முறையில், மேலே சொல்லப்பட்டதோடு சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

முதலில் மிக முக்கியமான எச்சரிக்கை. பெயின்டை எரித்து எடுக்கலாம் என்று யாரேனும் ஊதுவிளக்கையோ விறகுத் தீயையோ காட்டச் சொன்னால் அதற்கு இணங்காதீர்கள். இத்தகைய பட்டடைகளின் உடல் தேனிரும்பு, அதாவது வார்க்காமல் அடித்து உருவாக்கும் மென்மையான இரும்பு. அதன்மேல் முகமாக ஓர் எஃகுத் தகட்டைக் காய்ச்சி ஒட்டி, பிறகு நீர் பாய்ச்சிப் பதம் (கடினத்தன்மை) ஏற்றியிருப்பார்கள். அந்த எஃகு சூடேறினால் பதம் இறங்கி முகம் மென்மையாகிவிடும். அதன்பின் ஒவ்வொரு சம்மட்டி அடிக்கும் குழிவிழும். எரிந்த கட்டடங்களிலிருந்து எடுக்கப்பட்ட பட்டடைகள் பார்வைக்கு நன்றாக இருந்தும் வேலைக்கு உதவாமல் போவது இதனால்தான்.

முகத்தைச் சமப்படுத்தக் கடைசல் பட்டறைக்குக் கொண்டுபோவதும் இதே அளவு தவறு. எஃகுத் தகட்டின் தடிமன் பெரும்பாலும் அரை அங்குல அளவே இருக்கும்; ஏற்கெனவே தேய்ந்திருப்பதை மேலும் இழைத்தால் மிஞ்சுவது மெல்லிய தோல்தான். நடுவில் சற்றுத் தாழ்ந்த முகம் கம்பியை நிமிர்த்துவதற்கு உண்மையில் உதவியாகவே இருக்கும். விளிம்பு சிதைந்திருந்தால் அதையும் அப்படியே விட்டுவிடுங்கள்.

இனி, பொருளைச் சோதிப்பது எப்படி என்று பார்ப்போம். பக்கவாட்டில், முகத்துக்குச் சற்றுக் கீழே, உடலைச் சுற்றி மெல்லிய கோடு ஒன்று ஓடுகிறதா என்று பாருங்கள். அது தகடு ஒட்டிய இடம். ஓர் அங்குல பேரிங் குண்டை முகத்துக்கு மேல் 25 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விட்டுப் பார்த்தால், நல்ல பட்டடையில் அது 18 முதல் 20 சென்டிமீட்டர்வரை மீண்டும் எழும். பதம் இறங்கியதிலும் வெறும் வார்ப்பிரும்பிலும் சோர்ந்து விழுந்துவிடும். முகம் முழுவதும் பல இடங்களில் இதைச் செய்யுங்கள். ஓரிடத்தில் மட்டும் குண்டு எழாமல் போனால், அங்கே தகடு உள்ளே விட்டுப்போயிருக்கக்கூடும். சுத்தியலால் இலேசாகத் தட்டும்போது எழும் ஓசையையும் கேளுங்கள். தேனிரும்பும் எஃகும் சேர்ந்தது மணிபோல் ஒலிக்கும். ஆயினும் ஓசையை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அமெரிக்காவின் ஃபிஷர் பட்டடைகள் வார்ப்பிரும்பு உடலோடு எஃகு முகம் சேர்த்து வார்க்கப்பட்டவை என்பதால், தரத்தில் உயர்ந்தவையாக இருந்தும் ஒலிப்பதே இல்லை. அவற்றின் பக்கத்தில் கழுகுச் சின்னம் புடைப்பாக இருக்கும்.

வாலில் வட்டத் துளை இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். லாடத்தில் ஆணித் துளை போடும்போது கீழே இடம் வேண்டும் என்பதற்காக வந்த துளை அது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கு முந்தைய பட்டடைகளில் பொதுவாக அது இருக்காது. எனவே மிகப் பழங்காலத்தது என்ற எண்ணத்தை இப்போதே விட்டுவிடலாம். பாதங்களின் மேற்புறத்தில் சிறிய படிபோல் தட்டையான விளிம்பு உள்ளதா என்பதையும் பார்த்து எழுதுங்கள். அதற்குக் காரணம் இருக்கிறது.

கோட்டையூர் அன்பர்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பெயின்டை நீக்கிக் கோலமாவு தேய்த்துப் பார்த்தோம். மேலே ‘பீட்டர் ரைட்’ என்ற பெயரும், அதன் கீழ் ‘பேட்டன்ட்’ என்ற சொல்லும் ஆங்கிலத்தில் வெட்டப்பட்டுள்ளன. வட்டத்துக்குள் ‘சாலிட் ராட்’ (Solid Wrought) என்று இருக்கிறது. வட்டத்தை ஒட்டி ‘இங்கிலாந்து’ என்ற சொல் தனியாக, சற்று மங்கலாகத் தெரிகிறது. பாதங்களில் சிங்கம்புணரி அன்பர் கேட்ட தட்டை விளிம்பு உள்ளது. பேரிங் குண்டு முகத்தின் நடுவில் நன்றாக எழுகிறது. கொம்புக்கு அருகிலுள்ள தாழ்ந்த படியில் மட்டும் எழவில்லை.

சிங்கம்புணரி உலைக்களத்திலிருந்து:

தாழ்ந்த படியில் எழாதது குறையே அல்ல. வெட்டிரும்பு வைத்துத் துண்டிக்கும் வேலைக்காக அந்த இடத்தை எஃகு இல்லாமல் மென்மையாகவே விடுவார்கள். உளியின் முனை மடங்காமல் இருக்கும். தட்டை விளிம்புள்ள பாதம் பீட்டர் ரைட்டின் அடையாளங்களுள் ஒன்று. பெயர் தேய்ந்துபோன பட்டடைகளைக்கூடப் பலர் அதைக் கொண்டே இனம் காண்கிறார்கள்.

தேவகோட்டைப் பழம்பொருள் ஆர்வலர்:

மிக்க மகிழ்ச்சி. பீட்டர் ரைட் நிறுவனம் இங்கிலாந்தின் டட்லி நகரில் இயங்கியது. அதற்கு முன் பட்டடையின் உடலைப் பல துண்டுகளாக அடித்து, கொம்பையும் பாதங்களையும் தனித்தனியே ஒட்டிச் சேர்ப்பது வழக்கம். ஒட்டிய இடங்கள் நாளடைவில் விட்டுப்போவதும் உண்டு. உடலைக் குறைந்த துண்டுகளில் திண்மையாக அடித்து உருவாக்கியதையே அந்த வட்ட முத்திரைச் சொற்கள் பெருமையோடு அறிவிக்கின்றன.

காலத்தைப் பொறுத்தவரை, ‘இங்கிலாந்து’ என்ற அந்த ஒரு சொல்தான் இங்கே மிகப் பெரிய சான்று. அமெரிக்கா 1890இல் கொண்டுவந்த மெக்கின்லி சுங்கச் சட்டம், அந்நாட்டுக்குள் வரும் பொருள்களில் அவை செய்யப்பட்ட நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று விதித்தது. அமெரிக்கச் சந்தையைப் பெரிதும் நம்பியிருந்த ஆங்கிலப் பட்டடைத் தயாரிப்பாளர்கள் அதன்பின் நாட்டின் பெயரை வெட்டத் தொடங்கினார்கள். ஆகவே தங்கள் பட்டடை ஏறக்குறைய 1890க்குப் பிற்பட்டது என்று கொள்ளலாம். இதைத் தலைகீழாகப் பயன்படுத்தக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நாட்டின் பெயர் இல்லாத பட்டடை கட்டாயம் 1890க்கு முந்தையது என்று சொல்லிவிட முடியாது. எழுத்து தேய்ந்திருக்கலாம், அல்லது அமெரிக்காவுக்குப் போகாத சரக்கில் வெட்டாமலே விட்டிருக்கலாம்.

‘இங்கிலாந்தில் செய்தது’ என்ற முழுத்தொடர் 20ஆம் நூற்றாண்டில்தான் பரவலாகிறது. தங்கள் பட்டடையில் அது இல்லாமல் நாட்டின் பெயர் மட்டும் இருப்பது, 1890களிலிருந்து 1910களின் தொடக்கம்வரையுள்ள காலத்தை நோக்கிச் சாய்கிறது. இந்தத் தயாரிப்பில் ஆண்டோ, அதைக் காட்டும் தொடர் எண்ணோ வெட்டும் வழக்கம் இல்லாததால், இதைவிடக் குறுக்கிக் கூறுவது நேர்மையாகாது. வில்லியம் ஃபாஸ்டர் என்ற பெயருடைய பழைய ஆங்கிலப் பட்டடைகளில் ஆண்டே வெட்டப்பட்டிருக்கும். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் செய்யப்பட்ட ஹே-பட்டன் பட்டடைகளில் முன்பாதத்தில் தொடர் எண் இருக்கும். அத்தகையவற்றில் மட்டுமே ஆண்டளவில் பேச முடியும். ஷெஃபீல்டின் மவுஸ்ஹோல் போன்றவற்றிலும் முத்திரை மாற்றங்களைக் கொண்டு காலப்பகுதியைத்தான் சொல்ல முடியும்.

இப்போது தங்கள் வீட்டுச் செய்திக்கு வருகிறேன். 1911-12இல் முடிந்த வீட்டின் கட்டுமான வேலைக்கு இப்பட்டடை வந்தது என்பதற்கு, அதன் முத்திரையில் எந்த முரணும் இல்லை. ஆனால் முரண் இல்லாமை வேறு, நிறுவப்படுதல் வேறு. அதை நிறுவக்கூடிய சான்று தங்கள் வீட்டிலேயே இருக்கலாம். வீடு கட்டிய செலவைக் காசு விடாமல் எழுதிவைப்பது நகரத்தார் வழக்கம் என்பதால், அந்த ஆண்டுகளின் குறிப்பேடும் பேரேடும் ஐந்தொகையும் பிழைத்திருந்தால், இரும்புச் சாமான் பற்று, ஆசாரி கூலி, வண்டிச் சத்தம் (வண்டி வாடகை) ஆகிய தலைப்புகளில் தேடுங்கள். ரங்கூனிலிருந்தோ சென்னையிலிருந்தோ வந்த சரக்குப் பட்டியலில் 154 ராத்தல் எடையுள்ள ஒரு பொருள் பதிவாகியிருந்தால், அந்தப் பக்கத்தைப் பட்டடையின் படத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு காட்டுவது வாங்கிய நாளை மட்டும்தான்; செய்த நாள் அதற்குச் சில ஆண்டுகள் முந்தியதாகவும் இருக்கலாம், ஏற்கெனவே ஒரு பட்டறையில் உழைத்த பொருளாகவும் இருக்கலாம்.

கிலோக் கணக்கில் தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள். பதம் குன்றாத முகமும் படிக்கக்கூடிய முத்திரையும் கொண்ட பட்டடைக்குப் பழைய இரும்பு விலை விலையே அல்ல. பங்காளிகள் இசைந்தால், மராமத்துக்கு வரும் ஆசாரிகளே வீட்டுக் கீல்களை இதன்மீது வைத்துச் சரிசெய்யட்டும். அந்த வேலைக்கு இது இன்றும் தகுதியானது. கோலமாவு ஈரத்தை இழுக்கும் என்பதால் அதை முழுவதும் துடைத்துவிட்டு, மெஷின் எண்ணெயை மெல்லியதாகப் பூசிவையுங்கள்.