புதுப்பிப்பு: ஆம்ப் நேரடியாக, ஸ்பீக்கர் டீலரிடம்

களியக்காவிளையில் இருக்கும் நான், ஸ்பீக்கரையும் ஆம்பிளிஃபயரையும் திருவனந்தபுரம் டீலரிடம் வாங்குவதா, வெளிநாட்டுத் தயாரிப்பாளரிடமிருந்தே வரவழைப்பதா என்று போன மாதம் கேட்டிருந்தேன். கடைசியில் இரண்டு வழியிலும் வாங்கிவிட்டேன்.

ஆம்ப் நேரடியாக வந்தது. விலை குறைவுதான். ஆனால் சுங்க வரி, அதன்மேல் 18 சதவீத ஐஜிஎஸ்டி (இறக்குமதிக்கான ஜிஎஸ்டி), கூரியர்காரர் கட்டணம் எல்லாம் சேர்ந்ததும் லாபம் பாதியாகிவிட்டது. போதாததற்கு, 120 வோல்ட்டில் வைத்து அனுப்பியிருந்தார்கள், நமக்கு 230. பின்பக்க சுவிட்சைக் கவனிக்காமல் செருகியிருந்தால் கதை முடிந்திருக்கும்.

ஸ்பீக்கர் விஷயத்தில் டீலர் சேட்டன் ஜெயித்துவிட்டார். கடையில் பட்டுப்போலப் பாடிய ஜோடி, டைல்ஸ் தரையும் வெறுஞ்சுவருமான என் ஹாலில் காதைக் கூச வைத்தது. ஒரு வாரம் கேட்டுப் பார்க்கத்தான் கொடுத்திருந்தார், அதனால் வேறு ஜோடியாக மாற்றிக்கொண்டேன். முதல் ஜோடியின் உணர்திறன், அதாவது கொடுக்கும் வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு, 87 டெசிபெல், புது ஜோடிக்கு 90. வெறும் மூன்றுதானே என்று தோன்றும். ஆனால் அதே சத்தத்துக்குப் பாதி வாட் போதும். என் சின்ன ஆம்புக்குப் பெரிய நிம்மதி.

அப்புறம், ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னால் இழுத்து வைத்தேன். தவிலின் தொப்பிப் பக்கம் (கனத்த ஒலி தரும் பக்கம்) இப்போது தனியாகக் கேட்கிறது. வீட்டில்தான், நடக்க இடமில்லை என்று சண்டை.